மழைக்கு ஈடான சனிக்கிழமைகள்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலையில் பெரியசாமி வேலைக்குப் போகவில்லை. சபைக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டையை ஒரு நாள் முன்னதாகவே போட்டுக்கொண்டு, வளவனூர் பஸ் நிறுத்தத்தில் நின்றார். பக்கத்தில் மகள் இசைவாணி.

"மேஸ்திரி, வெள்ளிக்கெழமையும் லீவா?"

சைக்கிளை ஒரு காலால் ஊன்றி நிறுத்திக்கொண்டு கேட்டவர் விருத்தாசலம். பெரியசாமியோடு ஒரே சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்கிறவர்.

"காலேஜு வரைக்கும் போய்ட்டு வந்துர்றேம்பா. பொண்ணு விசயமா."

"நான் ஒங்க சாமி வெள்ளியையும் கேட்டுடுச்சோன்னு பாத்தேன். எங்க சாமியெல்லாம் வருசத்துக்கு ஒரு வாட்டி கூழு ஊத்தினா பேசாம இருக்குது. ஒங்க சாமிதான் வாராவாரம் பேஜாரு பண்ணுது."

பெரியசாமி சிரித்தார். அது அவர் கேட்டுப் பழகிய கேலி. இசைவாணி சிரிக்கவில்லை. விழுப்புரம் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியசாமியின் கிறிஸ்தவச் சபைக்கு ஓய்வுநாள் ஞாயிறு இல்லை, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அது தொடங்கிவிடும். சனிக்கிழமை பொழுது சாயும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது, வேலை இல்லை, விற்பது வாங்குவது இல்லை, படிப்பும் பரீட்சையும் இல்லை. கொத்தனார் எல்லோருக்கும் சனிக்கிழமை மாலை வாரக்கூலி. பெரியசாமிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை.

இசைவாணி திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதல் இரண்டு ஆண்டுகளும் கல்லூரி வெள்ளியோடு முடிந்துவிட்டதால் யாருக்கும் எந்தச் சங்கடமும் வரவில்லை. இந்த ஆண்டு புயல் வந்தது. ஏரி உடைந்தது, சாலை அறுந்தது, மாவட்டம் முழுக்க விடுமுறை மேல் விடுமுறை. தண்ணீர் வடிந்த பிறகு, மழைக்கு ஈடாக எல்லாச் சனிக்கிழமையும் கல்லூரி உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். ஆய்வக வகுப்புகளையும் சனிக்கிழமையிலேயே போட்டுவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமைகூட இசைவாணி போகவில்லை. வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஹால் டிக்கெட் கிடையாது. அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து இந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அதற்குள் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

ஓய்வுநாளைக் காரணம் காட்டிக் கொடுத்த விண்ணப்பம் 'விதியில் இடமில்லை' என்று திரும்பி வந்தது. விதியில் நோய்க்கு மட்டும்தான் இடம் இருந்தது. அப்போதுதான் வகுப்புப் பொறுப்பாசிரியை பிரபாவதி, இசைவாணியைத் தனியாக அழைத்து, ஒரு டாக்டர் சான்றிதழ் இருந்தால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்னதை இசைவாணியின் அம்மா அம்சா செய்தாள். தெரிந்த ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கேட்டு, மகளுக்கு மஞ்சள் காமாலை என்று எழுதி வாங்கி வந்துவிட்டாள்.

அதைப் பார்த்துவிட்டுப் பெரியசாமி இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார். கடைசியில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவே ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்" என்றாள் அம்சா. "பெத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லிட்டாங்க. போடுங்க. வாய மூடிக்கினு வந்துடுங்க. கையெழுத்துப் போடறது உங்க பேரத்தான் எழுதறது. அதுல இன்னா பொய் இருக்குது?"

பெரியசாமி சரி என்று தலையை ஆட்டினார்.

பஸ் வந்தது.

•

கல்லூரியில் முதல்வர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. முதல்வர் ஜெகதீசன் கூட்டத்தில் இருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் கூட்டம் முடியவில்லை.

பெரியசாமி அடிக்கடி முற்றத்து வேப்பமரத்தின் நிழலைப் பார்த்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

கழுத்தில் துளசிமாலையும் கறுப்பு வேட்டியுமாக இரண்டு மாணவர்கள் செருப்பில்லாமல் படியேறிப் போனார்கள். காவலாளி அவர்களைப் பார்த்து "சாமி சரணம்" என்றார்.

"அந்தப் பசங்களுக்கு விட்டுக் குடுக்கறாங்க பாத்தியா?" என்றார் பெரியசாமி.

"டிரெஸ்ஸுக்குத்தாம்பா. அவங்க கிளாசுக்கு வந்துடறாங்க."

பிரபாவதி வேகமாக வந்தார். சின்ன வயது. கையில் கோப்பு. இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவர், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"ஐயா, நான் எல்லாம் எழுதி வச்சிட்டேன். உள்ள போனதும் காட்டுற இடத்துல கையெழுத்து. அவ்வளவுதான். சார் கேட்டா நான் பேசிக்கிறேன். இசை, நீ வெளியவே இரு."

"சரிங்கம்மா" என்றார் பெரியசாமி.

அழைப்பு வந்தபோது வேப்பமர நிழல் முற்றத்தைத் தாண்டி, எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது.

•

அதே நேரத்தில் வளவனூரில் அம்சா அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு நாள் சமையல். புளிக்குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. வறுத்த நிலக்கடலையில் மல்லாட்டைத் துவையல் அரைத்து வழித்து வைத்தாள். நாளைக்குக் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

கை வேலை செய்தது. கண் அலமாரியின் மேலிருந்த போனில் இருந்தது.

அவள் புருஷனைப் பின்பற்றிச் சபைக்கு வந்தவள். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த மனுஷன் குடியை நிறுத்தியது அங்கே போன பிறகுதான். அந்த ஒன்றுக்காக அவள் எத்தனை சனிக்கிழமையை வேண்டுமானாலும் கொடுப்பாள். மகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

போன் அடிக்கவில்லை. நல்ல சேதி என்றால் இந்நேரம் அடித்திருக்கும். அம்சா எழுந்து போய், அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

•

"வாங்க. உட்காருங்க."

நாற்காலியைக் காட்டினார் ஜெகதீசன். நெற்றியில் விபூதி. களைத்துப் போன முகம். ஆனால் குரலில் கடுமை இல்லை. பெரியசாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிரபாவதி கோப்பைத் திறந்து இடத்தைக் காட்டினார். பெரியசாமி தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். அம்சா சொன்னது சரிதான், அது அவர் பெயர்தான்.

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நின்ற இசைவாணிக்கு அப்பாவின் முதுகு தெரிந்தது. கையெழுத்து முடிந்ததையும் பார்த்தாள். அவள் மூச்சை விட்டாள்.

ஜெகதீசன் பேனாவை எடுத்தார். ஒப்பமிடும் முன் சான்றிதழை ஒரு தடவை பார்த்தார்.

"காமாலையா? பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?"

பெரியசாமி கோப்பில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"பரவாயில்ல சார்" என்றார் பிரபாவதி.

"அது லேசுல விடாதும்மா. எங்க தம்பி பையன் படாத பாடு பட்டான்." பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெரியசாமியைப் பார்த்தார். "எண்ணெய், புளி எதுவும் சேர்க்காதீங்க. கீழாநெல்லிய வேரோட அரைச்சு மோர்ல குடுங்க, வெறும் வயித்துல. எங்க தோட்டத்துலேயே மண்டிக் கிடக்கு. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள பியூனை அனுப்பிப் பறிச்சிட்டு வரச் சொல்றேன். வாங்கிட்டுப் போங்க."

மணியை அடிக்கக் கையை நீட்டினார்.

பெரியசாமி எழுந்து நின்றார்.

"வேணாம் சார். அவளுக்குக் காமாலை இல்லீங்க."

ஜெகதீசனின் கை மணியின் மேலேயே நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"நல்லாத்தான் இருந்தா சார். சனிக்கெழமையில எல்லாம் எங்க சபைக் கோயில்ல இருந்தா. என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா."

"அப்ப இது என்னது?"

"அது தப்புங்க சார்."

வெளியே இசைவாணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஜெகதீசன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பெரியசாமிக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

"பெரியவரே, நான் சாமி கும்பிடாதவன் இல்ல. மாலை போட்ட பசங்களுக்குக் கறுப்பு வேட்டி அனுமதிச்சிருக்கேன். முஸ்லிம் பசங்க வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மதியம் போய்ட்டு வர்றாங்க. அவங்க கேட்கிறது ஒரு மணி நேரம். நீங்க ஒரு நாளையே கேட்கிறீங்க. நான் எங்கிருந்து எடுத்துக் குடுப்பேன்? புயலை நானா வரவழைச்சேன்?"

"ஞாயித்துக்கெழமை வருவா சார். சனிக்கெழமை பொழுது சாஞ்சதும் வருவா. ராத்திரி பூரா லேப்புல நிக்கச் சொல்லுங்க, நிப்பா. நான் வெளியில ஒக்காந்துக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை லேபை யார் திறக்கிறது? லேப் அசிஸ்டென்ட் சர்ச்சுக்குப் போயிடுவார்."

பெரியசாமி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஜெகதீசன் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். "சரி. இந்தச் சர்டிஃபிகேட் வாங்கச் சொல்லி உங்களுக்கு வழி காட்டினது யாரு?"

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். பிரபாவதியின் பக்கம் பார்த்துவிடக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டார். ஆனால் யாரும் சொல்லவில்லை என்றோ, நாங்களாகவே வாங்கினோம் என்றோ சொல்லியிருக்கலாம். அது அவர் வாயில் வரவில்லை.

ஜெகதீசன் மெதுவாகத் திரும்பினார். "பிரபாவதி, நீங்க இதுல 'நேரில் விசாரித்தேன், உண்மை' அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"டாக்டர் லெட்டரை நம்பித்தான் எழுதினேன் சார். வேற எனக்குத் தெரியாது."

சொல்லும்போதே பிரபாவதி அழுதுவிட்டார். பெரியசாமி அசையாமல் நின்றார்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றார் ஜெகதீசன்.

•

திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒரு பெண் இறங்கியதும் இசைவாணி உட்கார்ந்தாள். பெரியசாமி அவள் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் மஞ்சளாகி, மேற்குப் பக்க ஜன்னல்கள் வழியாக உள்ளே படுத்துக் கிடந்தது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது இசைவாணி கேட்டாள்.

"ஏம்ப்பா?"

"அவரு கீழாநெல்லி குடுக்கறேன்னாரு வாணி."

"அதுக்கு?"

"நாம ஏமாத்தறோம்னு தெரியாம மருந்து குடுக்கறாரு. அத எப்பிடி கையில வாங்கறது?"

"வாங்கிக்கினு வந்து பஸ் ஸ்டாண்டு சாக்கடையில போட்டிருக்கலாம்."

பெரியசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மேடம் அழுதாங்க. நீங்க திரும்பிப் பாக்கல. எனக்கோசரம் எழுதினாங்கப்பா அவங்க. அவங்களுக்கு நான் யாரு?"

"அந்தம்மா பேர நான் சொல்லலியே."

"சொல்ல வேற செய்யணுமா? நீங்க நின்ன நிப்புலயே தெரிஞ்சிபோச்சி."

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பெரியசாமி உடம்பை ஒடுக்கி வழிவிட்டார். பிறகு குனிந்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எங்கப்பன ஆண்டை எந்நேரமும் வேலைக்குக் கூப்புடுவாரு வாணி. சோறு துன்னும்போது கூப்புடுவாரு, காய்ச்சல்ல கெடக்கும்போது கூப்புடுவாரு. வரமாட்டேன்னு ஒரு நாளுகூட அவரு சொன்னதில்ல. நான் சொல்றேன். வாரத்துல ஒரு நாளு யாரு வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு சொல்றேன். அத எனக்குக் குடுத்தது அந்தச் சாமிதான். அதுகிட்டப் போயி காமாலைன்னு..."



இசைவாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மேல் அவளுக்கு இருந்த கோபம் அந்தப் பேச்சில் குறையவில்லை. கூடவே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஒங்கள யாரும் கூப்புடக் கூடாது. சரிப்பா. டிகிரி இல்லாம என்ன யாருப்பா கூப்புடுவாங்க? அம்மா மாதிரி களையெடுக்கக் கூப்புடுவாங்க. அதுக்கு நான் எந்தக் கெழமைன்னாலும் போகலாம்."

•

வளவனூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கரும்புக் கொல்லைக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கிவிட்டது. அம்சா வாசலில் நின்றிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"வாயத் தொறந்தீங்களா?"

பெரியசாமி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தொறந்தீங்க" என்றாள் அம்சா. வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சோற்றுப் பானையை மூடினாள். பாயை விரித்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் பாய் விரிக்க வேண்டும், பாட்டுப் பாடி ஜெபம் செய்து ஓய்வுநாளைத் தொடங்க வேண்டும். என்ன நடந்தாலும் அது நடக்கும்.

மூவரும் உட்கார்ந்தார்கள். பெரியசாமி பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியை வழக்கமாக அம்சா எடுப்பாள். இன்று எடுக்கவில்லை. அதையும் அவரே பாடினார். இசைவாணியின் உதடு மட்டும் அசைந்தது.

போன் அடித்தது.

ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் போனை எடுப்பதில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. இசைவாணி எழுந்து போய் எடுத்தாள். குரல் சரியாகக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டாள்.

"இசை, நான் பிரபாவதி பேசறேன். நாளைக்குக் காலையில விசாரணைக் கமிட்டி உட்கார்றாங்க. உன்னையும் வரச் சொல்லியிருக்காங்க."

"நாளைக்குச் சனிக்கெழமை மேடம்."

"தெரியும்டா. திங்கக்கிழமை வைங்கன்னு கேட்டுப் பார்த்தேன். மேனேஜ்மென்ட்ல இருந்து நாளைக்குத்தான் வர்றாங்களாம். நீ வரலைன்னா, வராததையே காரணமா எழுதி முடிச்சிடுவாங்க."

பிரபாவதி குரலைத் தாழ்த்தினார்.

"உன் ஹால் டிக்கெட்டுக்கு இனிமே என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அது போச்சு. நான் கேட்கிறது வேற. எனக்கு எதுவும் தெரியாது, உங்க அம்மாவே வாங்கிட்டு வந்தாங்கன்னு நீ சொல்லணும். அது ஒண்ணு சொன்னாப் போதும். இல்லைன்னா என்னை அனுப்பிடுவாங்க."

இசைவாணி அம்மாவைப் பார்த்தாள். அம்சா தலையசைத்தாள். சொல்லு, நானே வாங்கினேன்னு சொல்லு, என்பது போல.

"இசை? இருக்கியா?"

"இருக்கேன் மேடம்."

"வருவியா?"

பெரியசாமி பாயில் உட்கார்ந்தபடியே இருந்தார். மகள் போகக் கூடாது என்று சொன்னால், பிரபாவதியின் வேலை போகும். போ என்று சொன்னால், அவள் போய்ச் சொல்ல வேண்டியது பொய்.

இசைவாணி போனை வைத்தாள். என்ன பதில் சொன்னாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"நானும் வர்றேன் வாணி" என்றார்.

"நீங்க வேணாம்" என்றாள் அம்சா. "நீங்க பேசினது போதும்."

"போயி இன்னா சொல்லப் போற?" என்று மகளைக் கேட்டார் பெரியசாமி.

இசைவாணி சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"அம்மா, காலையில ஏழரை வண்டி சனிக்கெழமை வருமா?"

அம்சா புருஷனைப் பார்த்தாள். பெரியசாமி யோசித்தார். மூன்று வருஷமாக மகள் தினமும் போகிற பஸ்தான். சனிக்கிழமை அது ஓடுகிறதா இல்லையா என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.